ஆர்லிஸின் கத்திரிக்கோலும் லைலின் கல்யாணக் கோட்டும்

ஆர்லிஸ் டோஸ்ட்ருட் தைக்கிற ஒட்டுப்போர்வையைப் போல ஓர் அசிங்கமான பொருளை எங்கள் மாவட்டத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. பொறாமையில் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் சொல்கிறேன். ஆரஞ்சுத் துண்டுக்குப் பக்கத்தில் ஊதா, ஊதாவுக்குப் பக்கத்தில் எவனோ ஒருவனின் பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டை, அதற்குக் கீழே சமையலறைத் திரைச்சீலையிலிருந்து வெட்டிய ஒரு சேவல். அந்தச் சேவலுக்குத் தலை இருக்காது. தலை வேறொரு போர்வைக்குப் போயிருக்கும்.

"கண்ணு கூசுதுடி ஆர்லிஸ்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"விளக்கை அணைச்சிட்டுத்தானே போத்திக்கப் போறாங்க," என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது எங்கள் நெல்பி. சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயல், தானியக் கிடங்கு, லூத்தரன் சர்ச், அதற்கு எதிரே இன்னொரு லூத்தரன் சர்ச். இரண்டுக்கும் என்ன சண்டை என்பது எங்கள் தாத்தாக்களோடு போய்விட்டது. எங்கள் சர்ச்சுப் பெண்கள் வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைத் தைப்போம். செவ்வாய்க்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே கனமாக எதையாவது வைத்து, கம்பளி நூலால் முடிச்சுப் போட்டுப் போர்வை ஆக்குவோம். குளிர் தொடங்கும்போது மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவோம். சண்டை நடந்த நாடு, பூமி நடுங்கிய ஊர் என்று எங்கெங்கோ போகும். அதை எந்த மகராசி போர்த்திக்கொள்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் எங்களைத் தெரியாது. அதுவும் நல்லதுதான், தெரிந்தால் அந்தச் சேவலைப் பற்றி நாலு கேள்வி கேட்பாள்.

போர்வைக்கென்று எதையும் கடையில் வாங்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரு பெருமை. ஆர்லிஸுக்கு அது ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடி. நடுவே வைப்பதற்கு, படுக்கையைச் சூடாக்குகிற பழைய மின்சாரக் கம்பளியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கம்பியை உருவிப் போட்டுவிட்டு வைப்பாள். ஒரு தடவை உருவ மறந்துவிட்டாள். போர்வையின் மூலையில் பிளக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அலறியதற்கு, "அங்க கரண்டு இருந்தா சொருகிக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு," என்று கேட்டாள்.

அவள் புருஷன் ஆரின் பாவப்பட்ட ஜென்மம். துவைத்துக் காயப்போட்ட சட்டை கொடியிலிருந்து நேராகப் போர்வைக்குப் போய்விடும். பிடித்த சட்டை எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்கார யாரும் முண்டியடிப்பதில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால், அடக்கம் முடிந்த கையோடு அவருடைய உடுப்பெல்லாம் மளிகைக்கடைக் காகிதப் பையில் ஆர்லிஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கதவைத் தட்டமாட்டார்கள். வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். துக்கம் பேசுவது எங்கள் ஆட்களுக்கு வராத வித்தை. செத்த வீட்டுக்கு ஒரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், "காத்து வடக்கே திரும்பிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவோம். அவர்களும் "ஆமா, திரும்பிடுச்சு" என்பார்கள். அதற்குள் எல்லாம் அடங்கியிருப்பதாக இரண்டு தரப்புக்கும் ஓர் உடன்பாடு.

ஆர்லிஸ் அந்தப் பையை வாங்கி யாருடையது, என்ன ஏது என்று பார்க்கமாட்டாள். கோழியை உரிப்பது போலத்தான். பொத்தான் ஒரு டப்பாவில், ஜிப் ஒரு டப்பாவில், பிரித்த தையல் நூல் ஒரு டப்பாவில். பிறகு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி அட்டையில் வெட்டிய சதுரத்தை வைத்து, சோப்புத் துண்டால் கோடு போட்டு, கரகரவென்று வெட்டித் தள்ளிவிடுவாள். "ஹார்லன் கால்சட்டையில முட்டி ரெண்டும் தேஞ்சிருக்கு. ஜெபம் பண்ணித் தேஞ்சதா, டிராக்டருக்கு அடியில கிடந்து தேஞ்சதா?" என்று என்னைக் கேட்பாள். ஹார்லனை அறிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இவளுக்கு நேர் எதிர் மார்செல்லா. மார்செல்லா தைத்தால் நாலு துண்டின் மூலையும் ஒரு புள்ளியில் சேரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரு நூல் பிசகியிருக்காது. ஆர்லிஸ் தைத்ததில் மூலைகள் ஒன்றையொன்று பார்த்தது கூட இல்லை. மார்செல்லா பொறுக்கமாட்டாமல், "இஸ்திரி போட்டுக் கொண்டாறேன்" என்று ஆர்லிஸின் போர்வைத் துணிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், ரகசியமாகப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொண்டுவருவாள். ஆர்லிஸுக்கு அது தெரியும்.

"கூலியில்லாம வேலை செய்யறா, செய்யட்டும் விடு," என்று என்னிடம் சொல்வாள். இப்படியே பல வருஷம் ஒரே மேஜையில், எதிரெதிரே உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள். சண்டை போடாத செவ்வாய்க்கிழமை கிடையாது. வராத செவ்வாய்க்கிழமையும் கிடையாது.

மார்செல்லாவின் புருஷன் லைல் பீட்ரூட் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். நல்ல மனுஷன். பெரிய தொந்தி, சின்னக் குரல்.

மார்செல்லா அழுததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நான் சாப்பாட்டோடு போனபோது அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். எல்லோரும் அடக்கம் முடிந்துதான் செய்வார்கள். அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தால் உட்காரவே முடியாது. கட்டில்மேல் லைலின் பழுப்புக் கம்பளிக் கோட்டும் கால்சட்டையும் தனியாகக் கிடந்தன. கல்யாணத்துக்கு எடுத்த உடுப்பு. லைல் வாழ்நாளில் வாங்கிய ஒரே கோட்டு அதுதான். மாப்பிள்ளையாக இருந்தபோது அவர் ஒல்லி. தொந்தி வளர வளர, மார்செல்லா தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, கடைசியில் அக்குளுக்குக் கீழே துணி ஒட்டுப்போட்டு, அவருக்கு அதைப் பொருந்த வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"வெர்னா," என்றாள் என்னிடம், "பூ எதுவும் வேண்டாம். பாட்டு எது வேணாலும் பாடட்டும். பாதிரியார் என்ன வேணாலும் பேசட்டும். அவர் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போகணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"காத்து வடக்கே திரும்பிடுச்சு," என்றேன் நான். கொண்டுபோன பாத்திரத்தை அடுப்புமேல் வைத்தேன்.

அவள் இரண்டு காகிதப் பைகளில் உடுப்புகளை வைத்து, வாயை ஒரே மாதிரி மடித்து, மினியாபொலிஸிலிருந்து வந்திருந்த மகன் டுவேனிடம் கொடுத்தாள். ஒன்று, பிணத்துக்கு உடுத்திப் பெட்டியில் வைக்கிற அடக்கக்காரர் ஆஸ்ட்பிக்கு, கோட்டும் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் டையும். இன்னொன்று ஆர்லிஸுக்கு, வயலில் போடும் பழைய உடுப்பு, மார்பு வரை ஏறித் தோளில் வார் மாட்டுகிற ஓவரால்ஸ். டுவேன் கணக்குத் தணிக்கை செய்கிறவன். பையைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை இங்கே சொல்லவில்லை.

அன்றைக்கே மதியச் சாப்பாடு முடிந்த கையோடு காபிக்கு ஆர்லிஸ் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜைமேல் பழுப்புச் சதுரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தொட்டுப் பாரு. அசல் கம்பளி. மார்செல்லாவுக்கு இப்பத்தான் நல்ல புத்தி வந்திருக்கு, உருப்படியா ஒண்ணு அனுப்பியிருக்கா."

தொட்டேன். எனக்கு அந்தப் பழுப்பு நிறம் தெரியும். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் அடக்கத்திலும் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து என் பார்வையை மறைத்த முதுகு அது.

"இது லைலோட கோட்டு," என்றேன்.

"ஆமா. அவர் இனிமே போட்டுக்கப் போறதில்லையே."

"அடியே, போட்டுக்கப் போறார். வியாழக்கிழமை."

அவள் கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது. மேஜையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூலையில் கிடந்த காகிதப் பையைக் கவிழ்த்தாள். வெள்ளைச் சட்டையும் டையும் விழுந்தன. வெள்ளைத் துணி அழுக்கைக் காட்டும் என்று அவள் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது வழக்கம், அதனால் அவை தப்பித்திருந்தன.

"அப்ப அங்க லைல் என்ன போட்டிருக்கார்?" என்றாள்.

எனக்கு அதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆர்லிஸ் ஆஸ்ட்பிக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. எங்கள் மாவட்டத்திலேயே மரியாதையான மனுஷன் அவர், அதுதான் வினை.

"லைலுக்கு என்னங்க உடுத்தியிருக்கீங்க?"

"டுவேன் கொண்டாந்த ஓவரால்ஸ்தான். தொவைச்சு, மடிப்பு வெச்சு இஸ்திரி போட்டுட்டேன். முட்டியில ஒட்டுப் பிரிஞ்சிருந்துச்சு, அதையும் தெச்சுட்டேன்."

"உங்களுக்குக் கொஞ்சங்கூடச் சந்தேகம் வரலையா?"

"குடும்பத்தோட ஆசை. அதை நான் எப்படிங்க கேக்கறது? போன வசந்தத்துல ஒருத்தரை மீன்பிடிக்கிற தொப்பியோட அனுப்பி வெச்சோம். நல்லாத்தான் இருந்தார்." கொஞ்சம் நிறுத்தி, "ஏங்க, எதாச்சும் தப்பாயிடுச்சா? நாலு மணிக்கு மார்செல்லா வந்து பாக்கறதா இருக்காங்க."

ஆர்லிஸ் போனை வைத்தாள்.

"அவகிட்டச் சொல்லிடலாம்டி," என்றேன்.

"என்னன்னு? உன் புருஷன் கோட்டைத் துண்டு போட்டுட்டேன், இந்தா எண்ணி வாங்கிக்கன்னா?"

"கடையில ஒரு பழுப்புக் கோட்டு எடுத்துடலாமே."

"அந்தக் கோட்டுல இருக்கற ஒவ்வொரு தையலும் அவ கையால போட்டது. ஏமாத்தப் பாக்கறியா அவளை?" அவள் ஏற்கெனவே மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "வெட்டினவளுக்குத் தெக்கத் தெரியாதா? சவப்பெட்டியில முன்பக்கம்தானே தெரியும். முன்பக்கம் மட்டும் சேத்துடுவோம்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் துணியைத் துண்டாக்கித் திரும்ப ஒட்டினால் ஒவ்வொரு தையலும் கொஞ்சம் துணியை விழுங்கும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை, காலமெல்லாம் இதைத்தான் செய்கிறோம். பதற்றத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. மார்புப் பக்கம் முழுவதும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தபோது, அது பள்ளிக்கூடம் போகிற பையனுக்குப் பொருந்துகிற அளவில் இருந்தது. லைலின் தொந்தியை அதற்குள் அடைக்க ஆஸ்ட்பியாலும் முடியாது.

"பழுப்புத் துணி வேணும்," என்றாள் ஆர்லிஸ். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஆரின் சமையலறையில் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பழுப்புப் பாலியெஸ்டர் கால்சட்டை.

"ஆரின்," என்றாள்.

அவர் அவள் கையைப் பார்த்தார், கத்திரிக்கோலைப் பார்த்தார். "இது எனக்குப் பிடிச்சது ஆர்லிஸ்."

"கழட்டுங்க."

பாவம், உள்கால்சட்டையோடு ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நாங்கள் அந்தத் துணியைத் துண்டு துண்டாக நடுவில் சேர்த்தோம். கம்பளிக்குப் பக்கத்தில் பாலியெஸ்டர் பளபளத்தது. துணிக் கூடையில் கிடந்த காலரையும், இன்னும் வெட்டாமல் மிஞ்சியிருந்த கைகளையும் தேடி எடுத்துத் தைத்தோம். மூலைகள் வழக்கம்போல ஒன்றையொன்று பார்க்கவில்லை. மொத்தத்தில் அது ஆர்லிஸின் போர்வைகளில் ஒன்று, கொஞ்சம் சின்னது.

அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவ ஒண்ணே ஒண்ணு கேட்டாளாமே," என்றாள். தைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் அதை அவளிடம் சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்று இருந்தது.

கோட்டோடு சட்டையையும் டையையும் எடுத்துக்கொண்டு போனோம். ஆஸ்ட்பி பின்வாசல் வழியாக எங்களை உள்ளே விட்டார். லைல் பெட்டியில் நீலக் கோடு போட்ட ஓவரால்ஸோடு, தோளில் வார் இரண்டையும் மாட்டிக்கொண்டு, காலின் நடுவே கத்தி போல மடிப்போடு படுத்திருந்தார். எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போகிறவர் மாதிரிதான் இருந்தார். ஆஸ்ட்பி எங்கள் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார், லைலைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். எது மேல் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

நாங்கள் அந்தப் பேச்சில் இருக்கும்போதே மார்செல்லா வந்து நின்றாள். எங்கும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறவள் அவள். டுவேன் வெளியே காரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெட்டி அருகே போய்ப் பார்த்தாள். அந்த இஸ்திரி மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்ன?"

ஆஸ்ட்பி இருமினார். ஆர்லிஸ் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"பை மாறிப்போச்சு மார்செல்லா. கோட்டு எங்கிட்ட வந்துச்சு. நான் வெட்டிட்டேன்."

மார்செல்லா முகம் வெளுத்துவிட்டது. அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினாள்.

"வெட்டறதுக்கு முன்னால பாத்தியா? எடுத்து விரிச்சு ஒரு தடவை பாத்தியா? உனக்கு எல்லாமே துணி. உள்ள ஒரு ஆள் இருந்தானா, இருந்து வாழ்ந்தானா, உனக்கு ஒண்ணும் கிடையாது. கை அரிக்குது, வெட்டுவே." மூச்சு வாங்கினாள். "நான் கேட்டது ஒண்ணுதானேடி. வேற என்ன கேட்டேன்?"

ஆர்லிஸ் வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போயிற்றோ. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது. எதிர்வீட்டு நாயை வண்டியேற்றிக் கொன்றபோதுகூட, "அதுக்கு ரோட்டைப் பாத்து நடக்கத் தெரியலை" என்றவள். இப்போது மூக்கு நுனியில் கண்ணீர் சொட்டி, அந்தக் கோட்டிலேயே விழுந்தது.

மார்செல்லா கையை நீட்டினாள். ஆர்லிஸ் கோட்டைக் கொடுத்தாள்.

மார்செல்லா அதை உள்பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சதுரமாக விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு சதுரத்துக்குள் அவளே போட்ட பழைய தையல், துணியை வெளியே விட்ட இடம், முழுசாக மாட்டியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பத் தடவினாள். பிறகு பாலியெஸ்டர் துண்டுக்கு வந்தாள்.

"இது யாரோடது?"

"ஆரினோட கால்சட்டை."

"இப்ப ஆரின் என்ன போட்டிருக்கார்?"

"ஒண்ணுமில்லை," என்றாள் ஆர்லிஸ்.

மார்செல்லா கோட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "மூலை ஒண்ணுகூடச் சேரலை."

"அவசரத்துல தெச்சது."

"நிதானமா தெச்சாலும் உனக்குச் சேராது." அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "ஊசி குடு. ஆஸ்ட்பி, சட்டையையும் டையையும் போட்டுவிடுங்க. கீழ ஓவரால்ஸ் அப்படியே இருக்கட்டும், வாரை மட்டும் உள்ள விடுங்க."

தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். கோட்டை லைல்மேல் விரித்து வைத்து, அவர் மார்புமேலேயே குத்திக் குத்தி, தொந்திக்கு ஏற்றபடி இழுத்துப் பொருத்தினாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஆர்லிஸ் நூலைக் கோத்துக் கோத்து ஒவ்வோர் ஊசியாக நீட்டினாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்ட்பி எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே போய் நின்றார். அவருடைய வாழ்க்கையில் இப்படி ஒரு சாயந்தரம் வந்திருக்காது.

கடைசிப் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து முடித்தபோது லைல் இடுப்புக்கு மேலே மாப்பிள்ளையாகவும் கீழே விவசாயியாகவும் கிடந்தார்.

"பரவாயில்லை," என்றாள் ஆர்லிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மேல போனதும் முதல்ல விருந்துன்னாலும் போகலாம். பீட்ரூட் பறிக்கணும்னாலும் போகலாம். வீட்டுக்கு வந்து உடுப்பு மாத்த வேண்டியதில்லை."

இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு நேரம் காலம் கிடையாதா என்று நினைத்தேன். மார்செல்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரித்தாள், சிரித்துக்கொண்டே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் செத்ததற்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான். ஆர்லிஸ் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டிக்கொடுக்கத் தெரியாது அவளுக்கு, சும்மா வைத்திருந்தாள்.

அடக்கத்தன்று ஊரே வரிசையாக வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. கோட்டில் கட்டம் கட்டமாக இருந்ததைப் பார்க்காதவர் கிடையாது. வாயைத் திறந்தவரும் கிடையாது. "நல்லா இருக்கார்" என்றார்கள். கீழ்த்தளத்தில் பன்றித்தொடை ரொட்டியும் பச்சை ஜெல்லியும் சாப்பிடும்போது, தானியக் கிடங்குக்காரர் மட்டும் என் காதருகே வந்து, "லைலுக்குக் கட்டம் போட்ட கோட்டு இருந்ததே எனக்குத் தெரியாதே," என்றார். காற்று வடக்கே திரும்பிவிட்டதைப் பற்றி அவரிடம் பேசினேன்.

மூட்டை கட்டும் வாரம் வந்தது. ஆர்லிஸ் வீட்டு மேஜையில் அவளும் நானும் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தோம். மார்செல்லா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஆர்லிஸ் படுக்கையறைக்குப் போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாள்.

"இந்தா."

லைலின் கால்சட்டையும் கோட்டின் முதுகும். பழுப்புச் சதுரம், இடையில் பழைய படுக்கைவிரிப்பின் வெள்ளைச் சதுரம், வேறு ஒரு நிறம் கிடையாது. சேவல் கிடையாது. மார்செல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். மூலை மூலையாகக் கட்டை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். அத்தனையும் சேர்ந்திருந்தன.

"எத்தனை தடவைடி பிரிச்சே?"

"அது உனக்கெதுக்கு."

ஆர்லிஸ் பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. மார்செல்லா போர்வையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "அந்துருண்டை வாசனைதான் வருது," என்றாள். அழகாக நாலாக மடித்தாள். மடித்து, லாரிக்குப் போகிற அடுக்கின்மேல் வைத்தாள்.

"ஏய், அது உனக்குடி," என்றாள் ஆர்லிஸ். "உனக்குன்னுதான் தெச்சேன். எடுத்துட்டுப் போ. ஒண்ணு குறைஞ்சா அங்க யாரும் கேக்கப்போறதில்லை."

"எனக்கு எதுக்கு?" மார்செல்லா அடுக்கைத் தட்டிச் சரி செய்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் ராத்திரியானா போர்வை மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்குவார். நான் காலை முடக்கிக்கிட்டுக் கிடப்பேன். ஒரு நாள் விட்டுக் குடுத்ததில்லை. இப்பப் போய் யாருக்காச்சும் போத்திவிடட்டும்."

ஆர்லிஸ் அடுக்கின்மேல் இருந்த போர்வையை ஒருமுறை தடவினாள். "உனக்குக் குளிராதாடி?" என்றாள்.

"எனக்கென்ன. இப்பத்தான் முழுப் போர்வையும் எனக்கே இருக்கே," என்றாள் மார்செல்லா. "தூக்கம்தான் வரமாட்டேங்குது."

ஆர்லிஸ் மேஜையைச் சுற்றி வந்து, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூட்டை கட்டுகிற கயிற்றின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள்.